கடைவாய்ப் பல்லும் நீலத் தண்ணியும்

இங்கன யாரும் உக்காந்திருக்காகளாக்கா? இல்லையா. அப்ப நான் உக்காந்துக்கிறேன். அந்தா தெரியுதுல்ல பச்சைக் கதவு, அதுதான் ஆப்பரேசன் ரூமுன்னாக. எம் மகன் அதுக்குள்ளதான் இருக்கான். நீங்க யாருக்காக வந்திருக்கீக? வீட்டுக்காரருக்கா? காலு எலும்பா. எலும்புன்னா கூடிரும்க்கா, பயப்படாதீக. எம் மகனுக்குப் பல்லு.

அப்படிப் பாக்காதீகக்கா, நெசமாத்தான் சொல்றேன். பல்லுதான். பல்லுல ஆரம்பிச்சு, தாடையெல்லாம் எறங்கி, இப்பக் கழுத்து இருக்கிற எடமே தெரியல. அம்புட்டு வீக்கம். வாயத் தொறக்க முடியல. எச்சி முழுங்க முடியாம வழியுது. மூச்சு விட்டா கொர்ரு கொர்ருனு சத்தம் வருது. எனக்கு ஒரே மகன். ஹரிஹரசுதன். வீட்ல சுதன்னு கூப்பிடுவோம். எம் பேரு வேலுத்தாயி, எங்களுக்குப் பேரையூர் பக்கம்.

பேசிக்கிட்டே இருக்கேன்னு நெனைக்காதீக. வாயை மூடுனா அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது.

உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்த் தம்பி வந்துச்சு. சின்ன வயசு. சுதனுக்கு அண்ணன்னு சொல்லலாம், அப்படி இருக்கு. 'எத்தனை நாளாம்மா வலி? இதுக்கு முன்னாடி மாத்திரை எதுவும் குடுத்தீங்களா? என்ன மாத்திரை, எத்தனை நாள், எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லணும். அதை வச்சுத்தான் நாங்க எந்த மருந்தை ஏத்துறதுன்னு முடிவு பண்ணணும். தப்பான மருந்தை ஏத்திட்டு உக்காந்திருந்தா நேரம் போயிரும்'னு சொல்லுச்சு. நல்ல பிள்ளை, பொறுமையாத்தான் கேட்டுச்சு. நான் நேத்திலேர்ந்துதான் சார், மாத்திரையே குடுக்கலைன்னு சொல்லிட்டேன்.

பொய்யிதான். ஒங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும், நீங்க யாரோ நான் யாரோ. வலி வந்து நாலு மாசமாச்சு.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, அடுத்த மாசம் அவனுக்கு மிலிட்டரி ஆளெடுப்பு. பரிச்சை எழுதிப் பாஸாயிட்டான். இனி ஓட்டமும் மெடிக்கலும்தான் பாக்கி. ஓட்டத்துல அவனைப் பிடிக்க எங்க பக்கத்துல ஆளு இல்லை. மெடிக்கல்தான் பயம். இந்த ஆஸ்பத்திரிச் சீட்டுல நாலு மாசமாப் பல் சீக்குன்னு எழுதிட்டாகன்னு வைங்க, அது கம்ப்யூட்டர்ல ஏறிரும். ஏறுச்சுன்னா மிலிட்டரிக்காரன் பாத்துருவான். இப்பல்லாம் எல்லாத்தையும் ஆதார் கார்டோடதானேக்கா கோத்து வச்சிருக்காக. ஒரு வார்த்தை தப்பா எழுதினா எம் பிள்ளையோட இத்தனை வருசப் பாடும் மண்ணாப் போயிரும். அதை நெனச்சுத்தான் சொன்னேன். நான் என்ன எனக்காகவா சொன்னேன்?

ஆறாவது படிக்கிறப்பவே அவனுக்கு அந்த ஆசைதான். கண்மாய்க் கரையில ஹவில்தார் சார்னு ஒருத்தர் விடியக்காலையில பயலுகள ஓட விடுவாரு. மிலிட்டரியில இருந்து ரிட்டயரு ஆனவரு. சும்மாத்தான் சொல்லிக் குடுக்குறாரு, தங்கமான மனுசன். பத்தாவது முடிச்சதும் இவனும் சேந்துக்கிட்டான். அவங்க அப்பா கேரளாவுல பரோட்டா மாஸ்டர், பொங்கலுக்கும் பொங்கலுக்கும் வருவாரு. அதனால எல்லாத்துக்கும் நான்தான். விடிய முன்ன எழுப்புறதும் நான், முட்டை அவிக்கிறதும் நான். ஓடுற பிள்ளைக்குத் தெம்பு வேணும்ல? டவுசர் பை ஒண்ணுல கடலைமிட்டாய், இன்னொண்ணுல குளுக்கோஸ் பொட்டலம். குளுக்கோஸை ஒரேயடியா முழுங்கிறக் கூடாது, கன்னத்துல அதக்கி வச்சுக்கிட்டு ஓடு, பைய பைய எறங்கும், கடைசி ரவுண்டு வரைக்கும் தெம்பு நிக்கும்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். எங்க தெருவுல எந்த ஆத்தாளுக்கும் அந்த யோசனை வரல. மத்த பயலுகளும் அதைப் பாத்துத்தான் செஞ்சானுக.

இம்புட்டுப் பாத்த பிள்ளைக்குப் பல்லு சொத்தையாகுதுன்னா என்ன சொல்றது? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. வெத்தலை கிடையாது, பாக்கு கிடையாது, பீடி சிகரெட்டு கையால தொட்டதில்லை. யாரு கண்ணு பட்டுச்சோ.

மொதல்ல சின்னதா ஒரு கறுப்புப் புள்ளிதான். வலது பக்கம், கீழ் கடைவாய்ப் பல்லு. சோறு உள்ள போயி மாட்டுதும்மான்னு சொன்னான். எனக்கு அப்பவே பயம் வந்துருச்சு. ஏன்னா மெடிக்கல்ல பல்லை எண்ணுவாக. ஒவ்வொரு பல்லுக்கும் மார்க்கு உண்டு. கடைவாய்ப் பல்லுக்கு முன்பல்லை விட மார்க்கு ஜாஸ்தி. அதுவும் மேல்தெரு வனராசு மகன் போன வருசம் மெடிக்கல்ல வெளிய வந்துட்டான். என்னடி ஆச்சுன்னு அவங்க ஆத்தாகிட்டக் கேட்டா, பல்லுல கழிச்சுட்டாகன்னு சொன்னா. குழாயடியில வச்சு, எல்லாரு முன்னாடியும் சொன்னா. அன்னைக்குப் பிடிச்ச பயம்தான் எனக்கு. இப்பத்தான் ரெண்டு வாரம் முன்ன தெரியுது, அவனுக்குக் கலர் பிரிச்சுப் பாக்கத் தெரியலையாம். கண்ணுலதான் கழிச்சிருக்காக. அதை வெளிய சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாகன்னு பல்லு மேல பழியப் போட்டுட்டா. எப்படிப் பொய் சொல்லியிருக்கா பாருங்க. ஒரு பொய்யி எத்தனை பேரைக் கெடுக்குது.

ஹவில்தார் சாருகிட்டயும் கேட்டேன். கேக்காம இல்லை. ஒண்ணு ரெண்டு பல்லு போனா கழிக்க மாட்டாக, அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குக் கொறையாம இருந்தாப் போதும், சொத்தையை அடைச்சாலும் ஏத்துக்குவாக, மொதல்ல டாக்டருகிட்டக் காமிங்கம்மான்னாரு. அவரு என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன். நல்லவுக அப்படித்தானேக்கா பேசுவாக.

அப்பத்தான் டிவியில பாத்தேன், அந்த நீலத் தண்ணியை. மவுத்வாஷு. நீங்களும் பாத்திருப்பீக. வாயில ஊத்திக் கொப்புளிச்சதும் கிருமியெல்லாம் அப்படியே செத்துச் சுருண்டு விழுகும். சரி, பிடுங்கவும் வேணாம், அடைக்கவும் வேணாம், கிருமி செத்துட்டா சொத்தை அதுபாட்டுக்கு நிக்கப் போகுதுன்னு, உசிலம்பட்டி போயி வாங்கிட்டு வந்தேன். பெரிய பாட்டிலு. நான் சும்மா வாங்கிக் குடுத்துட்டுப் போகல. அதோட மூடியில அளந்து ஊத்தி, பக்கத்துல நின்னு, துப்பாதடா துப்பாதடான்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். கண்ணுல தண்ணி வந்துரும் அவனுக்கு. அம்புட்டு எரிச்சலு. துப்புனதும் பாவமா இருக்கும். ஒரு பெரிய டம்ளர் பாலு காச்சி, தாராளமாச் சீனி போட்டுக் குடுத்துத்தான் படுக்க வைப்பேன். ஒரு ராத்திரி விட்டதில்லைக்கா. அந்த மவுத்வாஷையும் விட்டதில்லை, அந்தப் பாலையும் விட்டதில்லை.

இருங்க. கதவு தொறக்குது.

இல்லை, வேற ஆளு. துணி வைக்கிற ட்ரம்மைத் தள்ளிட்டுப் போறாக.

மொதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. வாய் கமகமன்னு மணக்கும். வலியும் விட்டு விட்டுத்தான் வந்துச்சு. பாத்தியாடா, மருந்து வேலை செய்யுதுன்னு நான்தான் சொன்னேன். ஒரு நாளு எனக்குத் தெரியாம டவுனுக்குப் பஸ் ஏறிப் போயி பல் டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துட்டான். வந்து, அம்மா, வேரு வரைக்கும் போயிருச்சாம், வேரைச் சுத்தம் பண்ணி மேல தகடுத் தொப்பி போடலாமாம், இல்லைன்னா எடுத்துரலாமாம், எடுத்துருவோம்மா, தாங்க முடியலங்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மறுநாளே அவனையும் இழுத்துக்கிட்டு அந்தம்மாகிட்டப் போயி ஒரு பிடி பிடிச்சேன். எம் பிள்ளை மிலிட்டரிக்குப் போறவன், பல்லைப் பிடுங்குறேன்னு எப்படிச் சொல்லலாம், தொப்பி போட்டா அங்க டார்ச்சு அடிச்சுப் பாக்குறப்ப மின்னாதா, நான் தெனமும் மவுத்வாஷு ஊத்துறேன், அது போதாதான்னு கேட்டேன்.

அந்தம்மா கோவிக்கல. ஒக்கார வச்சுப் பேசுச்சு. நல்லா இருக்கிற பல்லுல சொத்தை வராம இருக்க அந்தத் தண்ணி ஓரளவுக்கு ஒத்தாசை பண்ணும்மா, அதுலயும் எல்லாப் பாட்டிலும் பண்ணாது, பல்லை ஒழுங்கா வெளக்கி, இனிப்பையும் கொறைச்சாத்தான் அந்த ஒத்தாசையும். ஒங்க மகனுக்குச் சொத்தை விழுந்து உள்ள போயிருச்சு. வீட்டுக்குள்ள திருடன் பூந்த பெறகு வாசல்ல தண்ணி தெளிச்சா அவன் ஓடிருவானா? அங்க உள்ள சீழு பிடிக்குது, விட்டா ஆபத்துன்னுச்சு. கேட்டீகளாக்கா? அந்தம்மா வாயாலேயே சொல்லுச்சு, ஒத்தாசை பண்ணும்னு. நான் ஒண்ணும் கூறுகெட்டுப் போயி ஊத்தல. மத்ததெல்லாம் அவுக தொழிலுக்காகச் சொல்றாகன்னு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மூடிக்கு ரெண்டு மூடியா ஊத்தினேன். இனிமே எனக்குத் தெரியாம எந்த டாக்டருகிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவன் சத்தியம் பண்ணுனா மீற மாட்டான். அப்படி வளத்திருக்கேன்.

அதுக்கப்புறம் அவன் வலின்னு சொல்லவே இல்லை. சாப்பாடு எல்லாம் இடது பக்கமாவே மென்னு சாப்பிட்டான். கன்னம் லேசா உப்பும். எங்க ஊரு மருந்துக்கடையில கேட்டு மாத்திரை வாங்கிக் குடுப்பேன். செவப்பும் கறுப்புமா இருக்கும். ரெண்டு நாளு போட்டா வீக்கம் வத்திரும். வத்தினதும் நிறுத்திருவேன், ஜாஸ்தி சாப்பிட்டா ஓடுறப்ப மேல்மூச்சு வாங்கும்னு. மறுபடி வீங்கும், மறுபடி குடுப்பேன். எத்தனை வாட்டின்னு கேக்காதீக, எனக்கே ஞாபகம் இல்லை. கடைசியா வாங்குனதுக்கு வீக்கம் எறங்கவே இல்லை. முந்தாநாளு ஓட்டத்துல பாதியில உக்காந்துட்டான்னு ஹவில்தார் சாரு போன் பண்ணுனாரு. நேத்துக் காச்சல் கொதிக்குது. இன்னைக்குக் காலையில எழுப்பப் போனா கழுத்து இப்படி. என்னடான்னா வாயத் தொறக்க முடியல. கையும் ஓடல காலும் ஓடல எனக்கு. பக்கத்து வீட்டு ஆட்டோவுல போட்டுத் தூக்கிட்டு ஓடியாந்தேன். ஹவில்தார் சாருகிட்டக் கூடச் சொல்லல. அவங்க அப்பாவுக்கு மட்டும் சொன்னேன், பஸ்ல வந்துக்கிட்டு இருக்காரு. போன்ல என்னைய ஏசுறாரு, பிடுங்கி எறிய வேண்டியதுதானேடின்னு. தூரத்துல இருந்துக்கிட்டு யாரு வேணும்னாலும் சொல்லலாம்.

சுதன் கூட வந்தது யாருன்னு கேக்குறாக. அக்கா, இந்தப் பையைப் பாத்துக்கங்க, வந்துர்றேன்.

வந்துட்டேன்க்கா. தண்ணி இருக்கா? ஒரு மடக்குக் குடுங்க.

கையெழுத்து வாங்குனாக. வாய் வழியா மூச்சுக் குழாய் போக மாட்டேங்குதாம். கழுத்துல தொண்டைக்குழிக்குக் கீழ ஓட்டை போட்டு, அது வழியா மூச்சு விட வைக்கணுமாம். அந்தப் பல்லையும் எடுத்துருவாகளாம். தாடைக்குக் கீழயும் ரெண்டு பக்கமும் அறுத்துச் சீழை வெளிய எடுக்கணுமாம். நான் என்ன கேட்டேன் தெரியுமாக்கா? தழும்பு தெரியுமா சார், மெடிக்கல்ல கழிச்சுருவாகளான்னு கேட்டேன். அந்தத் தம்பி என்னையவே பாத்துச்சு. வேற யாரா இருந்தாலும் வஞ்சிருப்பாக. அது வையல. மெதுவா, அம்மா, இப்ப அவன் மூச்சு விடணும், வேற எதையும் யோசிக்காதீங்கன்னுச்சு. அப்புறம் மறுபடியும் கேட்டுச்சு. வீக்கத்தைப் பாத்தா நேத்து வந்தது மாதிரி இல்லையேம்மா, மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு.

இல்லை சார்னுட்டேன்.

அப்படிப் பாக்காதீகக்கா. நான் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வாயி தன்னால இல்லைன்னு சொல்லிருச்சு. நாலு மாசமா இல்லை இல்லைன்னே சொல்லிப் பழகிட்டேன். அவங்க அப்பாகிட்ட இல்லை, ஹவில்தார் சாருகிட்ட இல்லை, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட இல்லை. அதோட, இப்பப் போயி மாத்திச் சொன்னா, மொதல்லயே ஏன் சொல்லலைன்னு கேப்பாகள்ல? போலீசு கீலீசுன்னு போயிருச்சுன்னா? பெத்தவளே பிள்ளையைக் கெடுத்துட்டான்னு எழுதுனா?

நான் கெடுக்கலக்கா. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தேன். கேட்டுப் பாருங்க எங்க தெருவுல.

என்னக்கா சொல்றீக? அவன்கிட்டயே கேட்டிருப்பாகளேன்னா?

கேட்டாக. ஒங்ககிட்ட அதை மட்டும் சொல்ல வேணாம்னு இருந்தேன். நான் நேத்திலேர்ந்துதான்னு சொன்னதும், அந்தத் தம்பி என்னைய விட்டுட்டு இவன் பக்கம் குனிஞ்சு, நீ சொல்லு தம்பி, பேச முடியலைன்னா கையால காட்டு, எத்தனை நாளுன்னு கேட்டுச்சு. மாத்திரை போட்டியான்னு கேட்டுச்சு. எம் மகன் டாக்டரப் பாக்கல. என்னையப் பாத்தான். மூச்சு அப்படி இழுக்குது, கண்ணு ரெண்டும் பிதுங்குது, அப்பவும் என் மூஞ்சியத்தான் பாக்குறான். நான் லேசாத்தான்க்கா தலையை ஆட்டுனேன். வேணாம்னு. இம்புட்டுத்தான் ஆட்டுனேன். ஒடனே அவன் ஒத்த விரலைத் தூக்கிக் காமிச்சான். ஒரு நாளுன்னு. மாத்திரைக்குக் கையை இப்படி விரிச்சுட்டான், இல்லைன்னு.

சத்தியம் பண்ணிக் குடுத்தான்ல. அதைக் காப்பாத்துறான்.

எனக்குப் பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு. இவன் இப்படியே கண்ணை மூடிட்டான்னா, கடைசியா என் பேச்சைக் கேட்டுத்தான் மூடுவான். அவங்க அப்பா வந்து கேப்பாரு, நான் என்னத்தச் சொல்ல? மிலிட்டரியும் வேணாம் மண்ணும் வேணாம். அவன் பரோட்டா வீசட்டும், மாடு மேய்க்கட்டும், வாயில ஒத்தப் பல்லு இல்லாம என் முன்னாடி உக்காந்து கஞ்சி குடிக்கட்டும். அந்தக் கதவைத் தொறந்து ஆளா வெளிய வந்தாப் போதும்.

அந்தத் தம்பி வெளிய வந்துருச்சு. பாருங்க, நம்ம பக்கம்தான் பாக்குது. வேர்த்து வடியுது அதுக்கு. என்னையத்தான் தேடுது.

எந்திரிங்கக்கா. நீங்க வாங்க. நான் போனா இந்த வாயி மறுபடியும் இல்லைன்னுதான் சொல்லும், எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. நாலு மாசம்னு சொல்லுங்க. வீங்குறப்பல்லாம் அவங்க ஆத்தா மாத்திரை குடுத்தா, வத்தினதும் அவளே நிறுத்திட்டான்னு சொல்லுங்க. இந்தாங்க, அந்த மாத்திரை அட்டை. காலையிலேர்ந்து ஜாக்கெட்டுக்குள்ளதான் வச்சிருக்கேன். குடுத்துருங்க. எழுதட்டும், கம்ப்யூட்டர்ல ஏத்தட்டும். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம், வெரசா வாங்க. நான் ஒங்களுக்குப் பின்னாடியே நிக்கிறேன்.